கரியமில வாயுவிலிருந்து பிராணவாயு
(கல்விக் கழக வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவது வழக்கம். நமக்கு முன் பேசியவர்கள் அதனைக் குறைவறப் பேசிவிட்டார்கள். எனவே நாம் ஒரு வாயுவைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். விழா மேடையில் வாயுவைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியோர்கள் எண்ணலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய நேரம். ஓர் உருளைப் பிராணவாயுவுக்காக மக்கள் மருத்துவமனை வாயில்களில் காத்துக் கிடந்தார்கள். அதே மாதம் 20 ஆம் நாள், செவ்வாய்க் கோளில் ஒரு சிறு கருவி அக்கோளின் காற்றை உள்ளிழுத்து அதிலிருந்து 5.4 கிராம் பிராணவாயுவை உண்டாக்கியது. விண்வெளி வீரர் ஒருவர் பத்து நிமிடம் மூச்சுவிடப் போதுமான அளவு அது. வேறொரு கோளின் காற்றிலிருந்து மனிதன் பிராணவாயு எடுத்தது அதுவே முதல் முறை. இங்கே மூச்சுக்கு வழியின்றி மக்கள் தவித்த நாள்களில் அங்கே அவ்வாறு நடந்தது என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பும் வருகிறது, வேதனையும் வருகிறது. உருளை கிடைக்காமற் போனதற்கு விஞ்ஞானம் காரணமன்று. பகிர்ந்தளிப்பதில் நேர்ந்த குறையே காரணம் என்பது நமது கருத்து. அது வேறு பேச்சு. இங்கே அதனை விரிக்கவில்லை.

அக்கருவியின் பெயர் மாக்சி. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அனுப்பிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, 2021 பிப்ரவரி 18 இல் செவ்வாயில் ஜெசிரோ என்னும் பள்ளத்தில் இறங்கியது. அதன் வயிற்றுக்குள் பொருத்தப்பட்டிருந்த மாக்சி ஒரு கார் பாட்டரியின் அளவினது. செவ்வாயின் காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கரியமில வாயு. அதுவும் மிக மெல்லிய காற்று. அதன் அழுத்தம் நமது காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே முதலில் தூசியை வடிகட்டி, காற்றை அழுத்தி, பின்னர் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு ஏற்றி மின்கலத்துக்குள் செலுத்துகிறார்கள்.

மின்கலத்துக்குள் நடப்பது என்ன? இதனை மாணவர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். கரியமில வாயுவின் மூலக்கூறு ஒன்றில் கரி அணு ஒன்று, பிராணவாயு அணு இரண்டு. எதிர்மின்வாயில் அம்மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொண்டு ஒரு பிராணவாயு அணுவைக் கழற்றி விடுகிறது. எஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. கழன்ற அணு, எலக்ட்ரான்களைச் சுமந்த அயனியாக, நடுவில் உள்ள பீங்கான் தகட்டினூடே மறுபுறம் செல்கிறது. பீங்கான் வழியே அணு செல்வதா என்று வியக்க வேண்டாம். சிர்கோனியா என்னும் பீங்கானில் ஸ்காண்டியத்தைச் சிறிது சேர்த்தால், அதன் அமைப்பில் ஆங்காங்கே வெற்றிடங்கள் உண்டாகின்றன. நல்ல சூட்டில் அயனி ஒரு வெற்றிடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் செல்லும். மற்ற வாயுக்களுக்கு அந்த வழி இல்லை. மறுபுறம் நேர்மின்வாயில் இரண்டு அயனிகள் தாம் கொண்டுவந்த எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு இணைந்து தூய பிராணவாயுவாக வெளிவருகின்றன. (இந்தச் சிர்கோனியத்தின் தாது நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கிடைக்கிறது.)

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அவ்வளவு எளிதன்று. மின்னழுத்தத்தைச் சற்று மிகையாகக் கொடுத்தால் கார்பன் மோனாக்சைடும் உடைந்து, மின்வாயின்மேல் கரி படிந்து அதனைப் பாழாக்கும். சூடான கரியமில வாயு மின்வாயிலுள்ள நிக்கலைத் துருவாக்கும். அதனைத் தடுக்க, வெளிவரும் கார்பன் மோனாக்சைடில் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளே அனுப்ப வேண்டும். இத்தனை இடர்ப்பாடுகளுக்கிடையே அக்கருவி 16 முறை இயங்கி, 2023 ஆகஸ்டில் தன் பணியை முடித்தது. மொத்தம் கிடைத்த பிராணவாயு 122 கிராம். மிகுதியாகக் கிடைத்தபோது மணிக்கு 12 கிராம் வரை வந்தது. இவ்வளவுதானா என்று சிலர் நகைக்கலாம். விதை நெல்லைப் படியால் அளந்து பார்த்து நகைப்பவரை உழவர்கள் என்ன சொல்வார்களோ, அதனையே நாமும் சொல்வோம்.

செவ்வாயை விட்டு மண்ணுக்கு வருவோம். தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. அந்த வாயுவைப் பயனுள்ள வாயுக்களாக மாற்ற முடியுமா என்பதே கேள்வி. ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷியோ ஹோரி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985 இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பொட்டாசியம் பைகார்பனேட் கரைசலில் கரியமில வாயுவைச் செலுத்தி, செம்புத் தகட்டை எதிர்மின்வாயாக வைத்தால் மீத்தேன் கிடைக்கிறது என்பதே அச்செய்தி. மீத்தேன் நமக்குப் புதிதன்று; சாண எரிவாயு அடுப்பில் எரிவது அதுவே. பின்னர் எத்திலீனும் செம்பில் கிடைப்பது தெரியவந்தது. பாலிதீன் செய்வதற்கு மூலப்பொருள் அந்த எத்திலீன். வெள்ளியையும் தங்கத்தையும் வைத்தால் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதுவோ நச்சு வாயு. ஆயினும் நீரகவாயுவுடன் சேர்த்தால் எரிபொருள்கள் பலவற்றை அதிலிருந்து ஆக்கலாம். பிளாட்டினத்தை வைத்தாலோ நீர் பிரிந்து நீரகவாயுதான் வருகிறது. விலையுயர்ந்த பிளாட்டினத்தால் ஆகாததை நம் வீட்டுச் செம்பு செய்கிறது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆனால் ஒன்றை மறைத்துப் பேசலாகாது. கரி எரியும்போது வெளிவந்த ஆற்றல் எவ்வளவோ, அவ்வளவையும், அதற்கு மேலும் கொடுத்தால்தான் கரியமில வாயுவைத் திரும்ப எரிபொருளாக்க முடியும். நிலக்கரியை எரித்து எடுத்த மின்சாரத்தைக் கொண்டு இதனைச் செய்வது, அடைத்த கடனைவிடப் பெருங்கடன் வாங்குவதற்கு ஒப்பாகும். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் வந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. மரம் நடுவதையும் கரி எரிப்பதைக் குறைப்பதையும் விட்டுவிட்டு இதனையே மந்திரமாக எண்ணுபவர்களோடு நாம் உடன்படவில்லை.

இவற்றையெல்லாம் இந்த மேடையில் ஏன் சொல்கிறோம்? மின்வாய், அயனி ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் 1834 இல் மைக்கேல் பாரடே வழங்கியவை. மின்பகுப்பின் விதிகளும் அவர் கண்டவையே. அவர் கொல்லரின் மகன். பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் தொழிலுக்குப் போனவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றார். 1813 இல் சர் ஹம்பிரி டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் துணைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். ஏழ்மையையும் தீண்டாமையையும் நாம் ஒன்றென்று சொல்லவில்லை. இரண்டின் வேறுபாட்டை நாம் பட்டறிந்திருக்கிறோம். ஆயினும் இந்தத் துறையின் வாயிற்கதவைத் திறந்தவர் மாளிகையில் பிறந்தவரல்லர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அண்ணல் அம்பேத்கர் அவர்களும் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, மின்சாரமும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. சட்ட மேதையாக அவரைப் போற்றும் நாம் இதனைச் சொல்வதே இல்லை.

நாம் பயின்ற பள்ளி ஒன்றில், மின்பகுப்பு சோதனை நடந்த நாளில், சேரியிலிருந்து வந்த எங்கள் நால்வரையும் மேசையருகே வரவேண்டாம், சுவரோரம் நின்றே பாருங்கள் என்றார்கள். கண்ணாடிக் குழாயில் குமிழி எழுந்ததாக மற்ற மாணவர்கள் சொல்லிக் கேட்டோம், கண்ணால் காணவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து ஆசிரியரான பின்னரே நம் கையால் அக்குமிழியை எழுப்பிப் பார்த்தோம். இன்று அவ்வாறு நிற்கவைப்பார் இலர். ஆனால் மேனிலை வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு உனக்கு வராது என்று நம் பிள்ளைகளிடம் சொல்பவர் இன்றும் உண்டு. வேதனை என்னவென்றால், அவர்களில் நம் பெற்றோரும் இருக்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே! டார்ச் விளக்குக் கட்டைகள் நான்கு, ஒரு பென்சில், சிறிது செம்புக்கம்பி, ஒரு குவளை நீர், ஒரு கரண்டி ஆப்பசோடா ஆகியவை போதும். ஹோரியின் கரைசலில் இருந்த உப்புக்கு உடன்பிறந்தது ஆப்பசோடா. கட்டைகளை வரிசையாக இணையுங்கள். பென்சிலின் கரிக்குச்சியை நேர்முனையிலும், செம்புக்கம்பியை எதிர்முனையிலும் கட்டிக் கரைசலில் தோய்த்தால் குமிழி எழும். செம்பில் எழுவது நீரகவாயு. தீயை அருகே கொண்டுசெல்ல வேண்டாம். மீத்தேன் வருமென்று நாம் ஆசை காட்டவில்லை. அதற்குத் தூய கரியமில வாயுவும் நுட்பமான கருவிகளும் வேண்டும். ஆப்பசோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டுவிடாதீர்கள். குளோரின் என்னும் நச்சு வாயு வரும்.

கழகப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். வெள்ளிவிழா நிதியில் எஞ்சும் தொகையில் ஒரு மர அலமாரி வாங்கி, குழாய்களும் குடுவைகளும் செம்புத் தகடும் வைத்து, கழகக் கட்டடத்தின் முன்னறையில் நிறுத்த வேண்டும். ஞாயிறுதோறும் மாலையில் நாம் வந்து உடனிருக்கிறோம். குடுவை உடைந்தால் எவரும் பிள்ளைகளைக் கடியக் கூடாது. உடைந்ததற்கு ஈடாகப் புதியதை நாமே வாங்கி வைக்கிறோம். அலமாரியின் சாவி நம்மிடம் வேண்டாம், செயலாளரிடமும் வேண்டாம். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளிடமே இருக்கட்டும்.