நெற்றியில் எழுதியவர் யார்?

(பினாங்கில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பால்மரம் சீவிய கைகளும் செக்ரோல் எழுதிய கைகளும் ஒன்றாய் அமர்ந்திருக்கும் கூட்டம் இது. இந்த மேடையில் ஒரு நாவலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சம்பளம் பேசும் இடத்தில் கதை எதற்கு என்று கேட்கலாம். கூலி எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை மனிதனுக்கு மானம். கூலியைக் குறைப்பவன் யார் என்பது நமக்குத் தெரியும். மானத்தைக் குறைப்பவன் யார்? அதில் நமக்கும் பங்கு உண்டா? இதைத்தான் இன்று எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

நாவலுக்குப் போகுமுன் இந்த ஊரின் தெரு ஒன்றில் சற்று நடப்போம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. வெள்ளையர் காலத்தில் இதற்குப் பிட் ஸ்திரீட் என்று பெயர். 1801இல் கும்பெனி கொடுத்த நிலத்தில், தமிழகக் கரையிலிருந்து வந்த வணிகர் காதர் முகைதீன் முன்னின்று எழுப்பிய பள்ளிவாசல் இங்கே இருக்கிறது. அவர்தான் கப்பித்தான் கெலிங், அதாவது இங்கு குடியேறிய தென்னிந்தியருக்குத் தலைவர். இதே சாலையில் சீனரின் கருணைத் தாய் கோயில் இருக்கிறது. அருகே 1833இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம். வடக்கே நடந்தால் 1818இல் கட்டி முடித்த செயிண்ட் ஜார்ஜ் மாதா கோயில். நான்கு மதத்தாரும் கூப்பிடு தூரத்தில் வணங்கும் தெரு என்று வெளிநாட்டாருக்கு நாம் பெருமையோடு காட்டுகிறோம். பெருமைதான், ஐயமில்லை.

ஆனால் அந்த மாதா கோயிலுக்குக் கல்லும் சாந்தும் சுமந்தவர்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். இந்நகரின் சாலைகளுக்கு மண் சுமந்தவர்களிலும், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டியவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். 1796இல் அந்தமானிலிருந்த கைதி முகாமைக் கைவிட்டபோது அங்கிருந்தவர்களைக் கும்பெனியார் இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் கப்பல் கப்பலாகக் கைதிகள் வந்தார்கள். தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் வருவதற்கு வெகு காலம் முன்பே, காலில் விலங்கோடு வந்து இந்த மண்ணைத் திருத்தியவர்கள் அவர்கள்.

அவர்களில் பலருக்குக் காலில் மட்டுமா விலங்கு? நெற்றியிலும் இருந்தது! 1797இல் வங்காளத்தில் கும்பெனியார் ஒரு சட்டம் செய்தார்கள். ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியில் அவன் குற்றத்தைப் பச்சை குத்தவேண்டும் என்பது அது. கோத்னா என்று அதற்குப் பெயர். சென்னை மாகாணத்திலும் அந்த வழக்கம் வந்தது. தலையெழுத்தைப் பிரமன் எழுதுகிறான் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இந்த ஏழைகளின் தலையெழுத்தை எழுதியது கும்பெனி. ஊசியால் எழுதியது, மையால் எழுதியது, அழியாமல் எழுதியது. தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

வெள்ளையனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது, தோழர்களே. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவது நம் ஊர் வழக்கம் அல்லவா? நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை என்று ஊர்விலக்கு வைத்தது நம் பஞ்சாயத்து அல்லவா? முகத்தில் கரி பூசிக் கழுதைமேல் ஏற்றும் தண்டனையைக் கும்பெனியார் இந்த நாட்டு வழக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அவமானத்தைத் தண்டனையாக்கும் வித்தை எல்லா நாட்டாருக்கும் தெரிந்திருக்கிறது.

அவமானத்தின் இரட்டைப் பிள்ளை தனிமை. அதற்கும் பினாங்கிலேயே சாட்சி உண்டு. சிவகங்கைச் சீமையில் கும்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்பட எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். அவனுக்கு அப்போது வயது ஏறக்குறைய பதினைந்து. 1818இல் பினாங்குக்கு வந்த வெல்ஷ் என்ற கும்பெனிப் படை அதிகாரியைப் பார்க்க ஒரு கிழவர் வந்தார். முகம் தெரியவில்லை. பெயரைக் கேட்ட பிறகே, தாம் இளைஞனாகப் பார்த்த துரைச்சாமி என்று வெல்ஷுக்குத் தெரிந்தது. கணக்குப் பாருங்கள். முப்பதைச் சற்றே தாண்டிய வயது, தோற்றத்திலோ கிழவர்! உறவும் ஊரும் இல்லாத பதினாறு ஆண்டுகள் ஒரு மனிதனுக்குச் செய்தது அது.

இனி நாவலுக்கு வருவோம்.

நெற்றியில் பச்சை குத்தும் தண்டனையைக் கும்பெனியார் 1849இல் ஒழித்தார்கள். அதே 1849இல் அமெரிக்காவில் சேலம் என்ற துறைமுகத்தில் ஒருவர் தமது சுங்கச் சாவடி உத்தியோகத்தை இழந்தார். ஆட்சி மாறியது, வேலை போயிற்று. கிராணிமார்களுக்கு இந்த வேதனை விளங்கும். அவர் பெயர் நதானியல் ஹாதார்ன். வேலை போன கையோடு எழுதி 1850இல் அவர் வெளியிட்ட நாவல்தான் ‘ஸ்கார்லெட் லெட்டர்’, செந்நிற எழுத்து.

கதை பதினேழாம் நூற்றாண்டுப் பாஸ்டனில் நடக்கிறது. தூய்மைவாதிகள் எனப்பட்ட கடுமையான கிறிஸ்தவர்கள் ஆண்ட ஊர். ஹெஸ்டர் பிரின் என்ற இளம்பெண்ணைக் கணவன் முன்னே அனுப்பிவிட்டுத் தான் வராமல் போனான். அவள் ஒரு குழந்தையைப் பெற்றாள். தகப்பன் பெயரைச் சொல் என்றார்கள். சொல்ல மறுத்தாள். கைக்குழந்தையோடு அவளை மூன்று மணி நேரம் சந்தை மேடையில் நிறுத்தினார்கள். சோரம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகிய ‘ஏ’யைச் சிவப்புத் துணியில் தைத்து, வாழ்நாள் முழுதும் மார்பில் அணியவேண்டும் என்று விதித்தார்கள். இது வெறும் கற்பனையன்று. பிளிமத் குடியேற்றத்தில் 1658இல் இப்படி எழுத்துத் தைத்து அணியவேண்டும் என்று சட்டமே இருந்தது.

அவளோடு பாவம் செய்தவன் எங்கே? மேடைக்கு மேலே, பெரிய மனிதர்கள் வரிசையில் நிற்கிறான்! ஊரே போற்றும் இளம் போதகன் டிம்ஸ்டேல். தகப்பன் பெயரைச் சொல் என்று அவளுக்கு உபதேசம் செய்தவனும் அவனே. ஏழாண்டுகள் உண்மையை நெஞ்சில் பூட்டி வைத்து உருகிப்போனான். கடைசியில் அதே மேடையில் ஏறி ஊரறிய ஒப்புக்கொண்டு உயிர்விட்டான். வெளியே அணிந்த எழுத்தோடு அவள் வாழ்ந்தாள். உள்ளே மறைத்த எழுத்து அவனை அரித்துத் தின்றது.

ஆனால் நம் மனத்தில் தைத்தது வேறோர் இடம். ஊருக்கு வெளியே கடலோரக் குடிசையில் ஒதுங்கிய ஹெஸ்டர், தையல் வேலை செய்து பிழைத்தாள். அவள் கை அப்படிப்பட்ட கை. ஆளுநரின் ஆடைக்கு அவள் பின்னல் வேண்டும். பிறந்த குழந்தைக்கு அவள் தைத்த தொப்பி வேண்டும். செத்தவனுக்குப் போர்த்தவும் அவள் வேலை வேண்டும். ஆனால் மணப்பெண்ணின் முக்காட்டுக்கு மட்டும் அவள் ஊசி ஆகாது! ஒருவர்கூட அதற்காக அவளை அழைக்கவில்லை.

தாய்மார்களே, இது பாஸ்டனில் மட்டும் நடந்த கதையா? கல்யாண வீட்டில் விடிய விடியக் காய் நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் விதவை வேண்டும். தாலித் தட்டு வரும்போது மட்டும் அவள் பின்கட்டுக்குப் போய்விடவேண்டும். புருஷன் விட்டுப்போன பெண்ணிடம் சீட்டுப் பணம் வாங்குவோம், அவள் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம். அவள் மார்பில் சிவப்புத் துணி இல்லை. இருந்தும் நாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறோம்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எழுதுகிறவன் ஒருவன், அல்லது ஓர் அதிகாரம். அதைப் படித்துப் படித்து வாழவைப்பது ஊர். பாஸ்டன் நீதிபதிகள் தைக்கச் சொன்னது ஒரு துணி. தெருவில் அவளைக் கண்டதும் விலகி நின்றது மக்கள். குழந்தைகளுக்கு அவள்மேல் சேறு எறியச் சொல்லிக்கொடுக்க எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

ஆனால் அதே ஊர் அந்த எழுத்தை வேறு விதமாகவும் படித்தது. நோயாளி வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஹெஸ்டர் அழையாமலே போய் உதவினாள். நாளடைவில், அந்த ‘ஏ’ வல்லவள் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். துணி அதே துணி, எழுத்து அதே எழுத்து, படிப்பு மாறிவிட்டது! கைதிகள் விஷயத்திலும் இதைக் காண்கிறோம். தொழில் கற்ற இந்தியக் கைதிகள்தாம் சிங்கப்பூரில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையையும் கட்டினார்கள். விடுதலையான பலர் இங்கேயே வண்டி ஓட்டியும் மாடு வளர்த்தும் குடும்பமாக வாழ்ந்தார்கள்.

சொல்லும் அப்படித்தான் மாறும், நன்மைக்கும் தீமைக்கும். கலிங்கம் என்ற பழம்பெயரிலிருந்து வந்தது ‘கெலிங்’. பள்ளிவாசலின் பெயரில் அது ஒரு தலைவரின் பட்டம். பின்னால் நம்மை இழிவு செய்யும் வசையாயிற்று. கைதிகளின் கால் சங்கிலி ‘கிளிங் கிளிங்’ என்று ஒலித்ததால் வந்த பெயர் என்று ஒரு கதை வேறு கட்டினார்கள். கதை பொய். ஆனால் ஓர் இனத்தின் பெயரையே விலங்கின் ஓசையாகக் கேட்ட காதுகள் மெய். ‘கூலி’ என்பதும் நம் தமிழ்ச் சொல்தான். உழைப்புக்குக் கிடைக்கும் பயனைக் குறித்த சொல்லை மனிதனுக்கே பெயராக்கி எறிந்தார்கள். இந்த வலியை அறிந்த நாமே, நம்மில் ஒருவருக்குப் பட்டப்பெயர் சூட்டி ஒதுக்கலாமா?

இன்றைய நிலையைப் பாருங்கள். லயங்கள் பல இடிந்து போயின. பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கழுதையும் இல்லை, சந்தை மேடையும் இல்லை. கைபேசி போதும். ஒரு பெண்ணின் படம் பொழுது விடிவதற்குள் ஊரெல்லாம் சுற்றுகிறது. ஆலோங்கிடம் கடன் பட்டவன் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தை வீசுகிறார்கள். அவன் படத்தையும் அடையாளக் கார்டையும் அச்சடித்துத் தூணில் ஒட்டுகிறார்கள். பாஸ்டனில் தைத்த அதே சிவப்பு! சாயம் வீசியவன் மோட்டார் சைக்கிளில் ஓடிவிடுகிறான். மறுநாள் காலையில் அந்தக் கதவைக் கடந்து போகிறவர்கள் நாம். பிள்ளைகளை அந்த வீட்டுக்கு விளையாடப் போகாதே என்கிறோம். மின்தூக்கியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆலோங் எதிர்பார்த்ததும் அதைத்தான். சாயத்துக்கு அவன் செலவு செய்தான், மிச்ச வேலையை நாம் சம்பளமில்லாமல் செய்து கொடுக்கிறோம்!

தவறு செய்தவனைக் கண்டிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். கண்டிக்க வேண்டும். ஆனால் உங்கள் தொழிலே உங்களுக்கு அளவைச் சொல்லித் தருகிறது. பட்டையை அளவாகச் சீவினால் பால் வரும், சில ஆண்டுகளில் புதுப் பட்டையும் வளரும். கத்தியை ஆழமாக இறக்கி மரத்தில் காயம் செய்தால் அந்த இடம் முடிச்சு விழுந்து பிறகு சீவவே உதவாது. இதைப் புது ஆளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவர்கள் நீங்கள். மனிதரைக் கண்டிப்பதற்கும் அந்த அளவு வேண்டும். தவறைத் தனியே அழைத்துச் சொல்வது அளவான வெட்டு. பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னும் பெயர் சொல்லிக் கூசவைப்பது மரத்தில் இறங்கிய காயம்.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்வது மூன்றே காரியம். அவமானப் படமோ செய்தியோ உங்கள் கைக்கு வந்தால் அது உங்களோடு நிற்கட்டும். சாயம் பூசிய கதவைக் கண்டால் தட்டுங்கள், ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டுபோய்க் கழுவ உதவுங்கள். நல்ல காரியத்தில், இதுவரை பின்கட்டில் நிறுத்திய பெண்ணை முன்னே அழைத்துத் தட்டை அவள் கையில் கொடுங்கள்.

ஹாதார்னைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். 1692இல் சேலம் நகரில் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்திப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களை விசாரித்தவர்களில் ஒருவர் அவருடைய முன்னோர். நாவலின் முன்னுரையில், அந்த முன்னோரின் செயலுக்கான வெட்கத்தைத் தாம் ஏற்றுக்கொள்வதாக ஹாதார்ன் எழுதினார். ஆண்டுகள் நூற்றைம்பதுக்கு மேல் கடந்து, தண்டித்தவர் பக்கமே வெட்கம் திரும்பி வந்தது. வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதைக் காலம் இப்படித்தான் தீர்க்கிறது. நம் பேரப்பிள்ளைகள் நமக்காக வெட்கப்படும் நிலையை நாம் வைத்துவிட்டுப் போகவேண்டாம், தோழர்களே!