பூங்காவைக் காப்போம், யாருக்காக?

(குருசுக்குப்பத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரத்தின் பழைய தோட்டங்களையும் பூங்காக்களையும் கட்டடங்கள் விழுங்காமல் காப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். காக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. 1826இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய தாவரவியல் பூங்கா இன்றும் நம் ஊரில் நிற்கிறது. அதில் ஒரு பழைய மரத்தை வெட்டினால், அந்த நிழல் திரும்ப இரண்டு தலைமுறை ஆகும். மண்ணை சிமெண்டால் மூடினால் மழைநீர் இறங்காது. கடலோர ஊரில் நிலத்தடி நீர் குறைந்தால் உப்புநீர் ஏறும். வசதியுள்ளவர் தண்ணீர் வண்டியை வரவழைப்பார். குடத்தோடு நிற்கப்போவது யார்?

ஆனால் ‘பாரம்பரியம்’ என்று சொல்லும்போது யாருடைய பாரம்பரியம் என்று கேட்கவேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த நகரத்தைப் பெரிய வாய்க்காலால் இரண்டாகப் பிரித்தார்கள். கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். மேற்கிலும் சாதிக்கொரு தெரு. மீனவர் குப்பங்களும் சேரிகளும் ஊருக்கு வெளியே. கிழக்குப் பகுதியின் நடுவில்தான் இன்றைய பாரதி பூங்கா இருக்கிறது.

அந்தப் பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தைப் பாருங்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். ஆயி யார்? மக்கள் சொல்லும் கதைப்படி அவர் ஒரு தாசி. அவருடைய வீட்டைக் கோயில் என்று நினைத்து அரசன் கும்பிட்டுவிட்டான். உண்மை தெரிந்ததும் வீட்டை இடிக்கச் சொன்னான். அவரே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினார். பின்னாளில் முத்திரையர்பாளையத்து நீர் நகரத்துக்கு வந்தபோது, அவர் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது என்கிறார்கள். ஊர் இழிவாகப் பேசிய ஒரு பெண்ணின் பெயரில்தான் இந்த நகரத்தின் தண்ணீர் வந்தது. பூங்காவைக் காப்பவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துக் காக்கட்டும்.

ஒரு இடம் காகிதத்தில் பொதுவாக இருந்தால் போதாது. பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறக்கச் சொல்லி பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டது. ஆனாலும் மகாட் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் தொட, 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போகவேண்டியிருந்தது. அழகுபடுத்துகிறோம் என்று கட்டணமும் காவலாளியும் வைத்தால், மீன்கூடையோடு வரும் பெண் உள்ளே போகமுடியுமா? பூட்டிவைத்த பசுமை இன்னொரு அக்கிரகாரம்தான்.

இந்தக் குப்பத்துக்குப் பூங்கா எது? கடற்கரை மணல்தான். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே நகரவேண்டிய மணல் அங்கேயே தங்கியது. நம் கரை கரைந்தது, கருங்கல் வந்தது. கல்லின்மேல் படகை ஏற்றமுடியுமா? வலை காயவைக்க முடியுமா? குழந்தைகள் எங்கே விளையாடும்? 2018இல் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டு மணலை வரவழைத்தார்கள். மனம் இருந்தால் மணல் வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பழைய பூங்காக்களில் புதிய கட்டடம் கூடாது. நுழைவு எல்லாருக்கும் இலவசமாக இருக்கவேண்டும். பூங்காக் குழுக்களில் குப்பத்துப் பெண்களும் சேரி மக்களும் இடம்பெறவேண்டும். செடிக்குத் தண்ணீர் விடும் தொழிலாளிக்கு நிரந்தர வேலை வேண்டும். 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவர் ஊர்களின் பொதுச்சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. குருசுக்குப்பத்தின் படகுத்துறையும் வலை காயும் இடமும் அதில் எங்கே என்று அதிகாரிகளிடம் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத இடத்தை நாளை வெற்றிடம் என்று சொல்லி விற்றுவிடுவார்கள்.

மரத்தையும் காப்போம், மணலையும் காப்போம். இரண்டுக்கும் நாமே உரிமையாளர்கள்.

ஜெய்பீம்.