கருவியோடு பேசு, உஸ்தாதிடம் திருத்து!

(உரை)



நம் ஏலக்காய்க்கு அரபு நாடுகள் பெரிய சந்தை. சவூதியில் விருந்தாளிக்கு ஊற்றும் கஹ்வாவில் மணப்பது ஏலக்காய்தான்; அங்கே அதற்கு 'ஹேல்' என்று பெயர். மலைச்சரிவில் விளைவிப்பவர்கள் நாம். போடிநாயக்கனூரில் ஏலம் எடுத்து, 8 மி.மீ. காயைத் தனியே பிரிப்பவர்கள் நாம். ஆனால் வாங்குபவரோடு பேச நமக்கு நாவில்லை! குர்ஆனை ஓதி முடித்த பிள்ளை, அரபியில் விலை கேட்டால் விழிக்கிறான். 2018-ல் பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டிச் சவூதி இந்திய ஏலக்காயைத் தடுத்தது. போட்டிக்குக் குவாத்தமாலா நிற்கிறது. வாங்குபவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டறிய வேண்டாமா?

இன்று ஒரு வழி திறந்திருக்கிறது. 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி, 2023 செப்டம்பரில் குரலிலும் பேசத் தொடங்கியது. "நீ ரியாத் வியாபாரி, நான் போடிக்காரன். பேரம் பேசுவோம், தவறினால் திருத்து" என்று சொல்லுங்கள், அப்படியே பேசும். நூறு முறை தடுமாறினாலும் சிரிக்காது. கூச்சம் தெளிய நல்ல துணை. வீட்டிலிருந்தே பழகலாம் என்பதால் நம் பெண்மக்களுக்கும் நல்ல வாய்ப்பு.

ஆனால் ஓர் எச்சரிக்கை! 'கல்ப்' என்பதை அடிநாக்கிலிருந்து சொன்னால் இதயம். சற்று முன்னே சொன்னால் நாய்! கருவி பெரும்பாலும் இடம் பார்த்துப் பொருளை ஊகித்துக்கொண்டு மேலே பேசிவிடும். பிழை நாவில் தங்கிவிடும். உஸ்தாதின் காது அதை விடாது. அரபெழுத்தில் தமிழ் எழுதிய நம் முன்னோர், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புது எழுத்தே படைத்தார்கள். ஒலிக்கு அவர்கள் தந்த மதிப்பு அது!

இன்னொன்று: 'மாதா துரீத்' என்பது ஏட்டு அரபி. ஜித்தா கடையில் 'ஈஷ் திப்கா' என்பார்கள். இரண்டும் 'என்ன வேண்டும்' என்பதே. எந்த ஊர்ப் பேச்சு வேண்டும் என்று கருவியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஜமாஅத்தார்களே! மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் மதரஸாவைத் திறந்து விடுங்கள். கருவியோடு பழகிய பிள்ளைகளை வாரம் ஒருமுறை உஸ்தாது திருத்தட்டும். வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய பெரியவர்கள் எதிரே அமர்ந்து பேரம் பேசட்டும். செலவை வணிகர்கள் ஏற்கட்டும்.

இளைஞர்களே! கருவியின் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள். பாஸ்போர்ட் எண்ணை அதனிடம் சொல்லாதீர்கள். பழக மட்டும் கருவி, பொறுப்பு நம்முடையது.

ஓதத் தெரிந்த நாவு பேசவும் கற்கட்டும். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.