ஆறாத புண்ணும் அஞ்ச வேண்டாத கத்தியும்

(நல்வாழ்வுக் கூட்டத்தில் பங்கின் செவிலியர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் நாங்கள், தோலில் வரும் புற்றுநோயைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். பெயரைக் கேட்டதும் கலங்க வேண்டாம். இது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வரும் நோய். காலத்தோடு கண்டுகொண்டால் பெரும்பாலும் வெட்டி எடுத்தே குணப்படுத்திவிடலாம்.

வெள்ளையருக்கு இந்நோய் பெரிதும் வெயிலால் வருகிறது. நமது தோலின் கருமை நமக்கு ஓரளவு குடை பிடிக்கிறது. ஆயினும் பழைய தீப்புண் தழும்பிலும், ஆண்டுக்கணக்கில் ஆறாத கால் புண்ணிலும் நமக்கு இது தோன்றுகிறது. இத்தகைய தழும்புப் புண்ணைப் பற்றி மார்ஜொலின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1828-லேயே எழுதியுள்ளார். வேட்டியோ பாவாடை நாடாவோ இறுக்கிக் கட்டும் இடுப்பிலும் அரிதாக வருவதுண்டு. உள்ளங்காலிலும் நகத்தடியிலும் கருந்திட்டாக வருவது பொல்லாத வகை. அதை மச்சம் என்று விட்டுவிடக் கூடாது.

ஒரு தாயாரை எங்களால் மறக்க இயலாது. சிறுமியாக இருந்தபோது அடுப்பில் வெந்த காலில், நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு புண் கண்டது. மஞ்சள் பற்றிலும் களிம்பிலும் ஓராண்டு கழிந்தது. பிறகு வந்தவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்தி பட்டா பரவிடுமாமே, சிஸ்டர்?" என்று கேட்டார். கத்தி பட்டதால் இது பரவுவதில்லை. கத்திக்கு அஞ்சித் தள்ளிப்போட்ட நாட்களில்தான் பரவுகிறது.

சரி, மருத்துவமனையில் என்ன நடக்கும்? முதலில் புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் நாள் குறிப்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

சிறிய புண்ணென்றால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வார்கள். ஊசி சுருக்கென்று குத்தும். பிறகு இழுப்பது தெரியும், வலி தெரியாது. புண்ணைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்தே எடுப்பார்கள். சாதாரண வகைக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர். பெரிய புண்ணுக்கு அதற்கும் மேல். கருமை வகைக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர். "சின்னப் புண்ணுக்கு இவ்வளவு பெரிய வெட்டா?" என்று வருந்த வேண்டாம். வேர் தங்கிவிடக் கூடாது என்பதற்கே அது. எடுத்ததை மீண்டும் சோதித்து, ஓரங்களில் நோய் இல்லை என்று கண்ட பிறகே மருத்துவர் நிம்மதி அடைவார். ஓரத்தில் மிச்சம் இருந்தால் மறுபடியும் கொஞ்சம் எடுக்க நேரலாம்.

குழி பெரிதானால் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடையே அதிகம் எரியும். இரு வாரங்களில் அது ஆறிவிடும். தையலை முகத்தில் 5 முதல் 7 நாட்களிலும், கை கால்களில் 10 முதல் 14 நாட்களிலும் பிரிப்பார்கள். அதுவரை கட்டை நனைக்காதீர்கள். பீடி, சிகரெட்டைத் தொடாதீர்கள். அவை புண்ணை ஆறவிடா. இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் இருபது நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டாலோ, காய்ச்சல், சீழ் கண்டாலோ உடனே வாருங்கள். தழும்பு முதலில் தடித்திருக்கும். ஓராண்டில் மெல்ல அடங்கும். மருத்துவர் குறிக்கும் நாட்களில் தவறாமல் காட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தாயாருக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. நோய் அங்கும் சென்றிருந்ததால் இரண்டாம் அறுவையும் தேவைப்பட்டது. இன்று சற்றுத் தாங்கித் தாங்கி நடக்கிறார். ஓராண்டு முந்தி வந்திருந்தால் ஒரு கட்டோடு வீடு திரும்பியிருப்பார்.

செலவை எண்ணித் தயங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

இன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் வீட்டுப் பெரியவர்களின் காலைப் பாருங்கள். ஒரு மாதம் ஆறாத புண் இருந்தால் நாளையே அழைத்து வாருங்கள். துணைக்கு நாங்கள் வருகிறோம்.