கடலுக்குப் போனவர்களின் கணக்கு



2017 நவம்பர் 30, மீனவரான திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். அன்றுதான் ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டது. ஏறக்குறைய ஒரே நாளில் தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் கைப்பேசி எட்டாத ஆழ்கடலில் இருந்தன. எந்தப் படகில் யார் யார் என்ற முழுக் கணக்கு கரையில் யாரிடமும் இல்லை. வீடு வீடாகக் கேட்டுத்தான் பெயர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது.

கடல் சூடேறினால் புயல் விரைவாக வலுக்கும். நோவா மழை தொடங்கியபின் மரம் தேடப் போகவில்லை.

அன்பியக் கூட்டத்துக்கு வருகைப் பதிவேடு வைத்திருக்கிறோம். கடலுக்குப் போகிறவர்களுக்கு இல்லை! இந்த வாரமே ஒவ்வொரு அன்பியமும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கட்டும்: படகின் பெயர், போகிறவர்கள், திரும்பும் நாள். வெளியூரிலிருந்து வந்து நம் படகில் ஏறும் தொழிலாளியின் பெயரும், அவர் வீட்டாரின் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கவேண்டும்.