மூலையில் அமர்ந்து வாசித்தவர்



ஒரு கலைஞரை அவருடைய ரசிகர்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். ரசிகர் என்றதும் நமக்குக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போகும் ரசிகர்கள் அப்படி எதுவும் செய்தவர்கள் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக ஒரு மனிதரின் கிட்டார் ஒலியைக் காதில் சுமந்துகொண்டு திரிபவர்கள். அந்த மனிதரின் பெயர் ஸ்டீவ் ஹாக்கெட். 1950 பிப்ரவரி 12 அன்று லண்டனில் பிறந்தவர். 1971 முதல் 1977 வரை ஜெனிசிஸ் என்ற இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் நாடு நாடாகப் போய் வாசித்துக்கொண்டிருப்பவர்.

இந்த அவையில் பலருக்கு அவருடைய இசை புதிதாக இருக்கலாம். அதனால் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் போன்ற குழுக்கள் ராக் இசையை நீளமாக்கின. கதை சொல்ல வைத்தன. தாளத்தை மாற்றி மாற்றிப் போட்டன. இதற்கு புரோகிரெசிவ் ராக் என்று பெயர் வந்தது. ஜெனிசிஸ் 1972இல் வெளியிட்ட 'ஃபாக்ஸ்ட்ராட்' தொகுப்பில் 'சப்பர்ஸ் ரெடி' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஏறத்தாழ 23 நிமிடம். அதில் ஒரு பகுதி ஒன்பது ஒன்பது எண்ணிக்கையாகச் சுழலும்; நாம் சங்கீர்ணம் என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கு. பாஸும் டிரம்ஸும் அந்த ஒன்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்க, டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதன் மேலே வேறு கணக்கில் ஓடும். தாளத்தில் ஊறிய நம் காதுகளுக்கு இது அந்நியமான இசையே இல்லை. கைவிரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்கலாம்.

ஹாக்கெட் இந்தக் குழுவுக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெனிசிஸ், சார்ட்டர்ஹவுஸ் என்ற வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் முளைத்த குழு. ஹாக்கெட்டுக்கு அந்த உலகத்தோடு தொடர்பு கிடையாது. 'மெலடி மேக்கர்' என்ற இசைப் பத்திரிகையில் அவர் பல ஆண்டுகளாக விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார். தேங்கிப்போன இசை வடிவங்களைத் தாண்டிப் போகத் துணிந்தவர்கள் வேண்டும் என்பது அதன் சாரம். 1970இன் இறுதியில் அப்படி வந்த ஒரு விளம்பரத்தைக் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் பார்த்தார். ஆந்தனி பிலிப்ஸ் விலகிப்போனதால் நல்ல கிட்டார் கலைஞருக்காக அவர்கள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த மாதமே ஹாக்கெட் உள்ளே வந்துவிட்டார்.

அன்றைய மேடையை நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். நடுவில் கேப்ரியல். சிவப்பு கவுன் போட்டு, தலையில் நரி முகத்தை மாட்டிக்கொண்டு நிற்பார். கூட்டத்தின் கண் முழுக்க அவர் மேல்தான். ஓரத்தில் ஒரு நாற்காலி. தாடியும் கண்ணாடியுமாக ஓர் இளைஞர் கிட்டாரின் மேல் குனிந்து உட்கார்ந்திருப்பார். ராக் மேடையில் கிட்டார் வாசிப்பவர் குதிப்பார், சுழல்வார், சில சமயம் கிட்டாரையே உடைப்பார். இவர் தலையே நிமிர மாட்டார். இருந்தும், மேடையில் எதுவுமே செய்யாத இவரைத்தான் ஒரு கூட்டம் தங்கள் கலைஞராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. இதை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனம் நிறைகிறது. கண்ணுக்கு விருந்து வைக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்கும்போது காதை நம்பி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது சாதாரண ரசனை கிடையாது.

அந்தக் காதுகளுக்கு அப்படி என்ன கிடைத்தது? முதலில் ஒரு நுட்பம். இடது கை கம்பியை அழுத்த, வலது கை மீட்டுவதுதான் கிட்டார் வாசிப்பின் வழக்கம். ஹாக்கெட் வலது கை விரலையும் கொண்டுபோய் ஃபிரெட்போர்டிலேயே தட்டினார். இரண்டு கையும் ஒரே கம்பியில் வேலை செய்ததால், எட்ட முடியாத தூரத்து ஸ்வரங்கள் அருவி மாதிரி கொட்டின. இதற்கு டேப்பிங் என்று பெயர். பாக் எழுதிய ஆர்கன் இசைத் துண்டு ஒன்றைக் கிட்டாரில் கொண்டுவர முயன்றபோது இது பிடிபட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1971இல் வந்த 'நர்சரி கிரைம்' தொகுப்பிலேயே இதைக் கேட்கலாம். கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் இதை உலகப் புகழ் பெறச் செய்தது 1978இல். ராக் கிட்டாரில் இதை முன்னதாகக் கையாண்ட மிகச் சிலரில் ஹாக்கெட் ஒருவர். ரசிகர்கள் இதை எங்கே போனாலும் எடுத்துச் சொல்கிறார்கள். சொல்லட்டும், சொல்ல வேண்டிய உண்மைதான்.

ஆனால் அவர்கள் அவரை நேசிப்பது இந்த வேகத்துக்காக இல்லை. 1973இல் வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' தொகுப்பில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' என்று ஒரு பாட்டு. அதில் ஒரு மெட்டு முதலில் கேப்ரியலின் புல்லாங்குழலில் வரும். மெல்லிய, கொஞ்சம் கூச்சப்படுகிற மெட்டு. வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நடுவில் சின்தசைசரும் பியானோவும் பெரிய புயலைக் கிளப்பி ஓய்ந்த பிறகு, அதே மெட்டைக் கையில் எடுக்கிறார் ஹாக்கெட். அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்தை அழுத்துகிறார். அது தேயவே இல்லை. கிட்டார் கம்பியின் இயல்பு, மீட்டிய கணத்திலிருந்து ஒலி தேய்ந்துகொண்டே போவது. இவரோ ஃபஸ் பெடலையும் ஆம்ப்ளிஃபயரையும் துணையாக வைத்துக்கொண்டு அந்த ஸ்வரத்தை வயலின் வில் இழுப்பதுபோல் நிறுத்தி வைக்கிறார். நின்றபடியே அது பெரிதாகிக்கொண்டு போகிறது. கீழே மெலோட்ரான் என்ற வாத்தியம் கடல்போல எழுகிறது. எத்தனையோ கிட்டார் கலைஞர்கள் நூறு ஸ்வரங்களை இறைத்துவிடும் இடம் அது. இவர் ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

அந்த மெட்டை இயற்றியவர் டோனி பேங்க்ஸ். ரசிகர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் உலகம் முழுக்க அதை 'ஹாக்கெட்டின் சோலோ' என்றே சொல்கிறார்கள். அதில் அநீதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. மெட்டு இயற்றியவருடையது, பாணி வாசித்தவருடையது.

அதே ஹாக்கெட் 'ஃபாக்ஸ்ட்ராட்' தொகுப்பில் 'ஹொரைசன்ஸ்' என்று ஒரு தனி வாசிப்பும் தந்திருக்கிறார். இரண்டு நிமிடம்கூட இல்லை. மின்சாரம் இல்லாத கிட்டார் ஒன்றே ஒன்று. பாக்கின் செல்லோ இசையிலிருந்து கிளம்பித் தன் வழியில் போகும். 23 நிமிட 'சப்பர்ஸ் ரெடி'க்கு முன்னால், கோயிலுக்குள் நுழையும் முன் கால் கழுவுவதுபோல அது வந்து நிற்கிறது. கிட்டார் கற்றுக்கொள்ளும் எத்தனையோ பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முதலில் பழகியது இதைத்தான்.

ரசிகர் வட்டம் எங்கே முதலில் கூடியது என்பதும் சுவையான செய்தி. 'நர்சரி கிரைம்' வந்தபோது சொந்த நாடான இங்கிலாந்து அதைக் கண்டுகொள்ளவில்லை. விற்பனைப் பட்டியலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. இத்தாலியில் அது நான்காம் இடம் வரை ஏறியது. 1972இல் குழு அங்கே போனபோது கிடைத்த வரவேற்பு அவர்களையே திகைக்க வைத்தது. இத்தாலியர்கள் ஓபரா என்ற இசை நாடகத்தில் வளர்ந்த மக்கள். நீண்ட மெட்டும் நாடகமும் அவர்களுக்கு அம்மா மடியில் கிடைத்தவை. அவர்கள் உடனே புரிந்துகொண்டதில் வியப்பில்லை. இன்றும் ஹாக்கெட்டுக்கு இத்தாலி இன்னொரு தாய்வீடு.

1977இல் அவர் குழுவை விட்டு வெளியே வந்தார். தன் பாட்டுகளுக்குப் போதிய இடம் இல்லை என்பது காரணம். குழு ஒதுக்கி வைத்த 'பிளீஸ் டோன்ட் டச்' என்ற படைப்பையே அடுத்த ஆண்டு தன் தனித் தொகுப்பின் தலைப்பாக்கினார். 1979இல் 'ஸ்பெக்ட்ரல் மார்னிங்ஸ்' வந்தது. என் கணக்கில் அவருடைய தனிப் படைப்புகளில் உச்சம் அதுதான். 1980களில் தளர்ச்சியும் இருந்தது. 1981இன் 'க்யூர்ட்' தொகுப்பையும், 1985இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹோவோடு சேர்ந்து தொடங்கிய ஜிடிஆர் குழுவையும் நான் அடிக்கடி கேட்பதில்லை. பெரும்பாலான ரசிகர்களும் அப்படியே. ஆனாலும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

1982 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முன்பே குழுவை விட்டு விலகியிருந்த கேப்ரியல் தொடங்கிய வோமாட் இசைவிழா கடனில் மூழ்கியிருந்தது. பழைய தோழருக்குக் கைகொடுக்க ஜெனிசிஸ் ஒரே ஒரு நாள் அவரோடு மேடையேறியது. கொட்டுகிற மழை. கடைசிப் பாட்டுகளுக்கு ஹாக்கெட்டும் வந்து சேர்ந்துகொண்டார். சேற்றில் நனைந்தபடி நின்ற அந்தக் கூட்டம் பழைய குழுவின் ஐந்து பேரையும் ஒரே மேடையில் பார்த்தது. அதன் பிறகு அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்லை.

அதற்குள் ஜெனிசிஸ் வேறு குழுவாக மாறத் தொடங்கியிருந்தது. டிரம்ஸ் வாசித்துவந்த ஃபில் காலின்ஸ் பாட, உலகமே முணுமுணுத்த சின்னப் பாட்டுகள் வந்தன. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை; நல்ல பாட்டுகள் அவற்றிலும் உண்டு. ஆனால் பழைய நீண்ட படைப்புகள் மேடையில் துண்டு துண்டாகிப்போயின. அந்த இசைக்காக உயிரை விடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? கனடாவின் மான்ட்ரியலில் 1993இல் 'தி மியூசிக்கல் பாக்ஸ்' என்ற குழு பிறந்தது. ஜெனிசிஸின் பழைய கச்சேரிகளை உடை, ஒளி, வாத்தியம் எதுவும் பிசகாமல் மறுபடி நிகழ்த்துவதே அதன் வேலை. ரசனை இவ்வளவு தூரம் போகுமா என்று சிலர் கேட்கலாம். கச்சேரியை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்காத தலைமுறைக்கு அதைக் கட்டி எழுப்பிக் கொடுத்தவர்களை நான் கும்பிடுகிறேன்.

ஹாக்கெட்டும் இந்தப் பசியைப் பார்த்தார். 1996இல் 'ஜெனிசிஸ் ரீவிசிட்டட்', 2012இல் அதன் இரண்டாம் பாகம் என்று பழைய படைப்புகளைப் புதிதாகப் பதிவு செய்தார். 2013இல் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவற்றை வாசித்தார். 2019இல் 'செல்லிங் இங்கிலாந்து' முழுவதும். 2022இல் ஐம்பது வயது நிறைந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' முழுவதும். கச்சேரியின் முதல் பாதியில் தன் சொந்தப் படைப்புகள், இரண்டாம் பாதியில் ஜெனிசிஸ் என்று பெரும்பாலும் வகுத்துக்கொள்வார்.

இதற்கு ஒரு விமர்சனம் உண்டு. பழைய நினைவை விற்றுப் பிழைக்கிறார் என்கிறார்கள். இந்த இடத்தில்தான் நான் இந்த மேடைக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். தியாகராஜர் மறைந்தது 1847இல். அவருடைய கீர்த்தனையை இன்று ஒருவர் பாடினால் பழைய நினைவை விற்கிறார் என்று நாம் சொல்கிறோமா? இல்லையே! அந்தக் கீர்த்தனை இவர் வாயில் எப்படி வருகிறது, எந்தச் சங்கதியை எங்கே வைக்கிறார் என்றல்லவா காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம்? ராக் இசைக்கு இந்த மரபு கிடையாது. அங்கே ஒரு பாட்டு அதைப் பதிவு செய்த குழுவோடு பிறந்து குழுவோடு மடிய வேண்டும் என்பது எழுதாத விதி. ஹாக்கெட்டின் ரசிகர்கள் அந்த விதியை ஏற்கவில்லை. நாங்கள் கேட்டது நல்ல இசை, நல்ல இசை திரும்பத் திரும்ப வாசிக்கப்பட வேண்டும் என்று அரங்கங்களை நிரப்பிச் சொன்னார்கள். அவரும் அதைக் கேட்டார். தன் குழுவில் ராப் டௌன்செண்டின் சாக்ஸஃபோனைச் சேர்த்துக்கொண்டார். பழைய பாட்டு ஒன்றில் நடுவே கதவைத் திறந்துவிட்டு ஜாஸ் போல அலைய விடுவார். பிறகு சரியான இடத்தில் வந்து சேர்வார். ஆனால் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'தின் அந்த மெட்டில் கை வைக்க மாட்டார். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் வித்வத்.

இவ்வளவு இருந்தும் அவர் விடுபட்ட தருணங்கள் உண்டு. 2014இல் பிபிசி ஜெனிசிஸ் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். மற்றவர்களின் தனிப் பயணம் எல்லாம் வந்தது. ஹாக்கெட்டின் தனிப் பயணம் வரவில்லை. அவரே வெளிப்படையாக வருத்தத்தைத் தெரிவித்தார். 2022 மார்ச்சில் லண்டனில் ஜெனிசிஸ் கடைசிக் கச்சேரி நடத்தியபோதும் மேடையில் அவர் இல்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்'தின் சோலோவைக் கிட்டார் கலைஞர் டேரில் ஸ்டர்மர் நன்றாகவே வாசித்தார். இருந்தாலும் அந்த நீண்ட ஸ்வரம் எழுந்தபோது ரசிகர்கள் மனதில் வந்து நின்ற பெயர் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

 2024இல், 74 வயதில், 'தி சர்க்கஸ் அண்ட் தி நைட்வேல்' என்று முற்றிலும் புதிய தொகுப்பை அவர் வெளியிட்டார். தன் பிறப்பிலிருந்து தொடங்கும், பாதி சுயசரிதையான கதை. பழைய பாட்டுக்காக வரும் ரசிகர்கள் முதல் பாதியில் புதியதையும் பொறுமையாக, முழு மனதோடு கேட்கிறார்கள். இந்தப் பொறுமையைத்தான் நான் வணங்குகிறேன்.

இனி நான் பேசுவதைவிட அவர் வாசிப்பதைக் கேட்பது நல்லது. நண்பர் ஒலிபெருக்கியைத் தயாராக வைத்திருக்கிறார். இப்போது 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' ஒலிக்கும், ஒன்பதரை நிமிடம். பியானோவில் தொடங்கும், தாளம் போட முயலுங்கள், பதின்மூன்றும் பதினைந்துமாக நழுவும். புல்லாங்குழல் வரும்போது மெட்டை மனதில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியைத் தாண்டியதும் அதே மெட்டு கிட்டாரில் வரும். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் காலியாக இருக்கும் நாற்காலிகளுக்கு வந்துவிடுங்கள். அந்த நீண்ட ஸ்வரத்தை அருகிலிருந்து கேட்க வேண்டும்.