கோணமலைக் கடலும் குடிவந்த எழுத்தாளரும்

எழுத்துத் தொழிலிற் புகழ் எட்டிப் பாராத ஒரு பகுதி உண்டு. ஒரு பொறியை எவ்வாறு இயக்குவது, ஒரு மருந்தை எவ்வளவு கொடுப்பது, ஓர் ஆணியை எப்போது முடுக்குவது என்பவற்றை அறிந்தவர் அறியாதவருக்கு எழுதித் தரும் உரைநடை அது. தொழில்நுட்ப எழுத்து என்று அதனை வழங்குகின்றனர். படிப்பவர் எழுதியவரின் பெயரைத் தேடுவதில்லை. பொறி இயங்கினால் அவருக்குப் போதும். பிறந்த நாட்டிலேயே இத்தொழிலிற் காலூன்றுவது எளிதன்று. உற்றாரும் ஊர்வழக்கும் இல்லாத புதிய நாட்டில் ஒருவர் இதனைத் தொடங்கவியலுமா? இவ்வினாவுக்குத் திருகோணமலைக் கடல் ஒரு விடை வைத்திருக்கிறது.

1956ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குக் குடிவந்த ஆதர் சி. கிளார்க்கை உலகம் விண்வெளிக் கதைகளின் ஆசிரியராக அறியும். கதைகள் ஒருபுறமிருக்க, அவருடைய பேனா எங்கே பழகியது என்பதே இங்கு கருதத்தக்கது. 1917இல் மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிற் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் புக வசதியில்லை. 1936இல் இலண்டனில் அரசாங்கக் கணக்காய்வு வேலையில் அமர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது விமானப்படையிற் சேர்ந்து ராடார்க் கருவியோடு பழகினார். மூடுபனியில் தரை தெரியாது தவிக்கும் விமானியை, தரையிலுள்ளவர் ராடார்த் திரையைப் பார்த்தவாறே, சற்று இடப்புறம், இன்னுஞ் சற்றுத் தாழ என்று வாய்ச்சொல்லாலேயே ஓடுபாதையில் இறக்கும் முறை அக்காலத்திற் புதிது. காண்பவர் காணாதவருக்குச் சொல்ல வேண்டும். சொல் மிகினும் குறையினும் உயிருக்கு மோசம். தொழில்நுட்ப எழுத்துக்கு இதனினுங் கடுமையான பள்ளிக்கூடம் ஏது?

1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் கருத்து. இன்று அது நடைமுறை. போர் முடிந்தபின் 1948இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பிற் தேறினார். அதன்மேல் அவர் ஏற்ற உத்தியோகம் பலர் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும். பௌதிக ஆராய்ச்சிக் கட்டுரைகளின் சுருக்கங்களை வெளியிடும் 'பிசிக்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்னும் ஏட்டின் துணையாசிரியர் பதவி அது. பிறர் பல பக்கங்களிற் சொன்னதைச் சில வரிகளில், பொருள் சிதையாமற் சொல்லும் வேலை. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அதிலிருந்தார். 1951இல் விண்வெளிப் பயணம் பற்றி அவர் எழுதிய நூல் நன்கு விற்பனையாகவே வேலையை விட்டுப் பேனாவையே நம்பினார்.

1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் அவருடைய கப்பல் கொழும்பிற் சிறுபொழுது தங்கியது. அப்பொழுதே இந்நாட்டுக் கடல் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது போலும். ஈராண்டுக்குள் நண்பர் மைக் வில்சனோடு இங்கே குடிவந்தார்.

அக்காலத்தில் திருகோணமலைத் துறைமுகம் இன்னும் பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது; 1957 ஒக்டோபரிலேதான் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. சுழியோடி தன் முதுகிற் காற்றைச் சுமந்து செல்ல உதவும் சுவாசக் கருவியோ 1943இல் பிரான்சிற் கண்டுபிடிக்கப்பட்டு, அப்போதுதான் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அக்கருவியோடு கிளார்க்கும் வில்சனும் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் இறங்கினர். தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே சிதறிக் கிடந்தன.

போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் ஆலயத்தை இடித்ததும், அக்கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியதும் யாவரும் அறிந்த வரலாறு. பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லைக் கோட்டை வாயிலிற் காணலாம். 1950இற் கிணறு தோண்டிய இடத்தில் ஆலயத்தின் பழைய விக்கிரகங்கள் சில வெளிப்பட்டன. கடலடியிலும் கோயிற் கல் உண்டென்பது ஊரார்க்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அது வழிவழி வந்த சொல்லாகவே நின்றது. கடலுள் இறங்கி, இயற்கையாய்ப் பிளந்த பாறை எது, உளி பட்ட கல் எது என்று பிரித்துக் கண்டு, காணாதவர் கண்முன் நிறுத்துவது வேறு வகையான தொண்டு. 1957இல் வெளிவந்த 'ரீஃப்ஸ் ஒவ் தப்ரபேன்' என்னும் நூலிற் கிளார்க் இதனைச் செய்தார். வில்சன் கடலடியிற் கண்டெடுத்த இலிங்கம் ஒன்று பின்னர் ஆலயத்தைச் சேர்ந்தது. புதுப்பிக்கப்பட்ட கோயிலுக்கு 1963இற் கும்பாபிஷேகம் நடைபெற்றது.

ஊரவர் எழுதாததை வந்தவர் எழுதியது எதனால்? கருவி அவர் கையில் இருந்தது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. ஊரவருக்கு அது சொல்லாமலே விளங்கும் செய்தி. வந்தவருக்கோ ஒவ்வொன்றும் வினா. நம் மாணவர் கட்டுரைகளில் 'வருணிக்க இயலாத அழகு' என்னுஞ் சொற்றொடர் தவறாது வரும். எத்தனை அடி ஆழம், எந்தத் திசை, எந்த மாதத்தில் நீர் தெளியும் என்பன வருவதேயில்லை.

கிளார்க்கின் நிலை எல்லாக் குடியேறிகளுக்கும் வாய்ப்பதன்று என்பதையும் சொல்ல வேண்டும். அவர் வந்தபோதே பெயர் பெற்றிருந்தார். எழுதியது தாய்மொழியில், அதனை விலைகொடுத்து வாங்கிய பதிப்பகங்கள் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இருந்தன. புகுந்த நாட்டின் மொழியில் எழுதிக் காட்டுவது இதனினும் அரிது. அதற்கும் சான்று இந்நாட்டிலேயே உண்டு. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் தம் இருபத்தைந்தாம் வயதிலே தமிழைக் கற்கத் தொடங்கினார். மானிப்பாயில் மாணவர்களுக்கு முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் மேல்நாட்டு மருத்துவம் பயிற்றினார். 1867இல் 'இரணவைத்தியம்', 1875இல் 'கெமிஸ்தம்' எனப் பாட நூல்கள் அச்சேறின. தமிழறிந்தார் அருகிருந்து உதவினர். தமிழிற் சொல் கிடைத்தால் தமிழ், இன்றேல் வடமொழி, அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைத்தல் என்பது அவர் கொண்ட ஒழுங்கு. கெமிஸ்தம் என்னும் பெயரே மூன்றாம் வழிக்கு உதாரணம்.

1983இன் பின்னர் திருகோணமலையிலிருந்து கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் சென்று குடியேறியவர்கள் பலர். அவர்களுள் எழுத்தை விரும்பும் இளைஞர் ஒருவரின் நிலை கிளார்க்கினுடையதன்று, கிறீனுடையதே. மொழி பிறருடையது, பெயர் அறிந்தார் இல்லை. அந்நாட்டில் வேலை செய்த அனுபவம் உண்டா என்ற வினா வாயிலிலேயே அவரை மறிக்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாண மனித உரிமை ஆணைக்குழு, கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது பாரபட்சத்துக்கு இடமாகும் என்று 2013இற் கொள்கை வகுத்தது. கொள்கை வந்த உடனே கதவு திறந்துவிடுவதில்லை. எழுதிக் காட்டிய மாதிரியைக் கையிற் கொண்டு செல்பவருக்கே அது சற்று நெகிழ்கிறது.

மொழி பிறருடையது என்னும் குறை இத்தொழிலிற் பாதி நன்மை. விமானப் பராமரிப்புக் கைந்நூல்களைப் படிப்போரிற் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. ஆதலின் ஐரோப்பிய விமானக் கைத்தொழிலார் 1980களில் எளிய ஆங்கிலத்துக்கென விதிகள் வகுத்தனர். செயலைக் கூறும் வாக்கியம் 20 சொற்களை மிஞ்சலாகாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே கொள்ள வேண்டும். ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்றவருக்கு எந்தச் சொல் இடறும் என்பது பட்டுத் தெரிந்த அறிவு. கலைப் பட்டதாரியும் இத்துறைக்கு அந்நியரல்லர். பொறியைக் கற்றுக்கொள்ளலாம், வாக்கியம் எழுதத் தெரிந்திருந்தால்.

மாதிரிக்குப் பொருள் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவின் மீன்பிடிப் படகுகளில் வெளியிணைப்பு இயந்திரங்கள் உள்ளன. அதனை இயக்கும் முறையைப் புதியவருக்கு ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். எரிபொருட் குழாயைப் பொருத்துக. குழாயிலுள்ள இரப்பர்க் குமிழை இறுகும்வரை அழுத்துக. கயிற்றை இழுக்க. இவ்வளவையும் பழகிய படகோட்டி பிழையின்றிச் சொல்லிவிடுவார். அதற்கு முன் எரிபொருட் கலத்தின் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்த வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்; அவருடைய விரல் நினையாமலே அதனைச் செய்துவிடுகிறது. அந்த ஒரு வரி இல்லாத தாளை நம்பிப் புறப்படும் புதியவரின் இயந்திரம் சிறிது தூரம் சென்றதும் நடுக்கடலிற் நின்றுவிடும்.